மூடிய பைகள்

நுண்ணோக்கியின் பாதை – 17

சென்ற இதழில் இத்தாலியின் பாவியா நகரில் நின்றோம். 1903ஆம் ஆண்டு, அடெல்கி நெக்ரி என்ற இளம் மருத்துவர், வெறிநோயில் இறந்த விலங்குகளின் மூளையைச் சாயமேற்றிப் பார்த்தார். நரம்புச் செல்களுக்குள் உருண்டையும் முட்டை வடிவுமாகச் சில பொட்டுகள் தெரிந்தன. நோயைத் தரும் ஒட்டுண்ணி இதுதான் என்று அறிவித்தார். அதன் பிறகு பல பத்தாண்டுகள், இறந்த நாயின் மூளையில் அந்தப் பொட்டைத் தேடித்தான் வெறிநோயை உறுதிசெய்தார்கள். பொட்டு உண்மைதான். அதற்கு நெக்ரி சொன்ன பொருள்தான் பிசகியது. வைரஸ் தன்னை நகலெடுத்துக்கொள்ள நரம்புச் செல்லுக்குள் ஏற்படுத்திய பட்டறை அது. பிரான்ஸ் ஆய்வாளர்கள் 2009இலும் 2017இலும் வெளியிட்ட ஆய்வுகளில்தான் இது தெளிவானது. சுற்றிலும் சவ்வுகூட இல்லை. தண்ணீரில் எண்ணெய் திரள்வதைப்போலப் புரதமும் ஆர்.என்.ஏ.வும் திரண்டு நிற்கும் துளி. நெக்ரி 1912இல், தன் 35ஆம் வயதில் இறந்துபோனார்.

இந்த இதழில் சொல்ல வருவது அதற்கு நேர் எதிரான ஒரு தடுமாற்றத்தை. வைரஸைத் தேடிப் போன ஒருவர் வைரஸுக்குப் பதிலாகச் செல்லைக் கண்டடைந்தார். அவர் கண்டடைந்திராவிட்டால், பின்னால் வந்த படங்கள் எதையும் நம்மால் படித்திருக்க முடியாது. நலமாக இருக்கும் வீட்டின் அமைப்பு தெரிந்தவருக்குத்தானே எந்தச் சுவர் இடிக்கப்பட்டது, எந்த அறை புதிதாக முளைத்தது என்று சொல்ல வரும்?

அவர் பெயர் ஆல்பர்ட் கிளாட். பெல்ஜியத்தின் சிற்றூர் ஒன்றில் பிறந்தவர். மருத்துவம் படித்து முடித்து, 1929இல் நியூயார்க்கின் ராக்ஃபெல்லர் நிறுவனத்துக்கு வந்தார். அங்கேதான் 1911இல் பெய்டன் ரவுஸ், கோழியின் சதைக் கட்டியை அரைத்து வடிகட்டி, செல் ஒன்றுகூட இல்லாத அந்தச் சாற்றை வேறு கோழிக்குச் செலுத்தினால் அதற்கும் கட்டி வருகிறது என்று காட்டியிருந்தார். சாற்றில் இருப்பது எது? அதைத் தனியே பிரித்தெடுப்பதுதான் கிளாட் எடுத்துக்கொண்ட வேலை.

அவர் கையிலிருந்த கருவி அதிவேக மையவிலக்கி. கட்டியின் செல்களை அரைத்துச் சுழற்றினால், கனத்தவை முதலில் அடியில் படியும். மேலே நிற்பதை எடுத்து இன்னும் வேகமாகச் சுழற்றினால் அடுத்த அடுக்கு படியும். இப்படி அடுக்கடுக்காகப் பிரித்து, கடைசியில் நோயைக் கொடுக்கும் வல்லமையுள்ள நுண்துகள்களை ஒரு வண்டலாகச் சேர்த்துவிட்டார். வைரஸ் கைக்கு வந்துவிட்டது என்று யாரும் நினைத்திருப்பார்கள். ஆனால் கிளாட் இன்னொன்றும் செய்தார். நோயே இல்லாத கோழிக் கருவின் திசுவை எடுத்து, அதையும் அதே வேகத்தில் அதே நேரம் சுழற்றினார். அதிலும் அதே போன்ற துகள்கள் வந்து படிந்தன.

பல வருட உழைப்பின் முடிவில் இப்படி ஒரு விடை வந்தால் மனம் சோர்ந்துவிடும். கிளாட் சோரவில்லை. வண்டலில் பெரும்பகுதி வைரஸ் அல்ல, எல்லாச் செல்லிலும் இயல்பாக இருக்கும் ஏதோ ஒன்று என்பதை ஏற்றுக்கொண்டு, அந்த ஏதோ ஒன்றையே ஆராயத் தொடங்கினார். மைக்ரோசோம் என்று பெயரிட்டார். எண்டோபிளாச வலை என்று இன்று பள்ளிப் பாடநூல் சொல்லும் சவ்வுப் பின்னலின் உடைந்த துண்டுகளே அவை என்று பின்னாளில் தெரிந்தது. நோயில்லாத திசுவையும் ஒருமுறை சுழற்றிப் பார்ப்போம் என்று அவர் முடிவெடுத்த நாளை, இந்தத் தொடரில் வரும் பெரிய கருவிகள் பலவற்றுக்கும் மேலாக நான் மதிக்கிறேன்.

துகளைப் பிரித்தாயிற்று, முழுச் செல்லில் அது எங்கே இருக்கிறது என்று பார்க்க எலெக்ட்ரான் நுண்ணோக்கி தேவைப்பட்டது. அப்போது ராக்ஃபெல்லரில் அது இல்லை. அச்சு மை தயாரித்துவந்த இன்டர்கெமிக்கல் நிறுவனத்தின் ஆய்வகத்தில் ஒன்று இருந்தது; அதை இயக்கியவர் எர்னஸ்ட் ஃபுல்லம். ஆனால் எலெக்ட்ரான் கற்றை தடித்த பொருளை ஊடுருவாது, செல்லோ தடித்தது. கனடாவில் பிறந்த கீத் போர்ட்டர் ஒரு வழி கண்டார். மெல்லிய பிளாஸ்டிக் படலத்தின்மேல் கோழிக் கருச் செல்களை வளர்த்தார். செல் படலத்தைப் பற்றிக்கொண்டு பரவும்போது அதன் ஓரங்கள் தோசையின் விளிம்பைப்போல மெலிந்துவிடும். அந்த விளிம்பின் வழியே கற்றை ஊடுருவும். ஆஸ்மியம் டெட்ராக்ஸைடால் செல்லைப் பதப்படுத்தி, உலர்த்தி, படலத்தோடு உரித்தெடுத்து நுண்ணோக்கியில் வைத்தார்கள்.

1945 மார்ச்சில் அந்தப் படம் வெளியானது. ஒரு முழுச் செல்லுக்கு எலெக்ட்ரான் நுண்ணோக்கியில் எடுத்த முதல் படம். ஒரே சட்டத்துக்குள் அடங்காததால், துண்டு துண்டாக எடுத்து ஒட்டிச் சேர்த்தார்கள். ஓரங்களில் பூவேலை செய்த துணிபோல ஒரு பின்னல் தெரிந்தது. இரண்டு ஆண்டுகள் கழித்து, 1947இல், கிளாடும் போர்ட்டரும் எட்வர்ட் பிக்கல்ஸும் சேர்ந்து கோழிக் கட்டியின் செல்களைப் படமெடுத்து, அவற்றுக்குள் வைரஸ் என்று கருதத்தக்க துகள்களையும் காட்டினார்கள். தேடிப் புறப்பட்டது 18 ஆண்டுகளுக்குப் பின் கிடைத்தது. ஆனால் அதற்குள் கிளாடின் பெயர் வேறொன்றோடு இணைந்துவிட்டது. 1974இல் அவருக்கும் ஜார்ஜ் பலாடேவுக்கும் கிறிஸ்டியான் டி டூவுக்கும் வழங்கப்பட்ட நோபல் பரிசு, செல்லின் உள்ளமைப்பைக் கண்டதற்காக.

*

இனி மனிதச் செல்லுக்கு வருவோம். வைரஸ் மனிதச் செல்லை என்ன செய்கிறது என்று பார்க்க, மனிதச் செல் கண்ணாடிக் குடுவையில் உயிரோடு வளர வேண்டும். 1949இல் பாஸ்டனில் ஜான் எண்டர்ஸ், தாமஸ் வெல்லர், ஃபிரெடரிக் ராபின்ஸ் மூவரும், நம் ஊரில் இளம்பிள்ளைவாதம் என்று அழைக்கப்படும் போலியோவின் வைரஸை, நரம்பல்லாத மனிதத் திசுவில் வளர்த்துக் காட்டினார்கள். அந்த வைரஸ் நரம்பில்தான் வளரும் என்ற நம்பிக்கை அன்றோடு போயிற்று. தொற்றிய செல்கள் சுருங்கி, உருண்டு, உதிர்வதைச் சாதாரண நுண்ணோக்கியிலேயே காண முடிந்தது. 1954இல் மூவருக்கும் நோபல் பரிசு.

1951இல் அமெரிக்காவின் பால்டிமோரில், கருப்பை வாய்ப் புற்றுநோயோடு ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனைக்கு வந்தார் ஹென்ரியட்டா லாக்ஸ். கறுப்பினத்தைச் சேர்ந்தவர், ஐந்து பிள்ளைகளின் தாய். அவரிடம் கேட்காமலேயே எடுக்கப்பட்ட கட்டித் துணுக்கின் செல்கள், குடுவையில் சாகாமல் பெருகிக்கொண்டே போயின. அக்டோபர் 4 அன்று, 31 வயதில் அவர் இறந்தார். ஹீலா என்ற பெயரில் அவருடைய செல்கள் உலகமெங்கும் போயின; அவர் குடும்பத்துக்கு அது தெரிய இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. 1953இல் போலியோ வைரஸ் ஹீலா செல்லில் செழிப்பாக வளர்வது உறுதியானது. இனி இந்த அத்தியாயத்தில் போலியோ பற்றி வரும் படங்கள் எல்லாம் அந்தப் பெண்ணின் செல்களுடைய படங்கள். வாசகர்கள் இதை நினைவில் வைத்துக்கொண்டு மேலே படிக்க வேண்டுமென்று விரும்புகிறேன்.

போர்ட்டரின் படலத்தில் செல்லின் விளிம்பைத்தான் பார்க்க முடிந்தது. நடுப்பகுதி தடித்தே கிடந்தது. 1950களில் அதற்கும் வழி பிறந்தது. பதப்படுத்திய செல்லைப் பிசினில் இறுக வைத்து, உடைத்த கண்ணாடியின் விளிம்பையோ வைரத்தையோ கத்தியாக்கி, ஒரு மில்லிமீட்டரில் பத்தாயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைந்த கனத்தில் சீவினார்கள். இந்த வில்லைகளில்தான் பலாடேவும் மற்றவர்களும் மைட்டோகாண்ட்ரியாவின் உள்மடிப்புகளையும், எண்டோபிளாச வலையின் அடுக்குகளையும், புரதம் செய்யும் ரிபோசோம்களையும் கண்டார்கள். நலமான செல்லின் வரைபடம் தயாரானது.

வரைபடம் கைக்கு வந்ததும் ராக்ஃபெல்லரிலேயே நோயுற்ற செல்லைத் திறந்தார்கள். 1965இல் சாமுவேல் டேல்ஸ், ஹான்ஸ் எகர்ஸ், ஐகோர் டாம், பலாடே ஆகிய நால்வர் வெளியிட்ட கட்டுரை, போலியோ வைரஸ் ஹீலா செல்லில் உருவாவதை மணிக்கணக்கில் பின்தொடர்ந்தது. தொற்றிய சில மணி நேரத்தில் செல்லின் பழைய ஒழுங்கு குலைகிறது. உட்கருவை ஒட்டிய இடத்தில் சின்னஞ்சிறு சவ்வுப் பைகள் தோன்றுகின்றன. நேரம் ஆக ஆக அவை குவிந்து, செல்லின் நடுப்பகுதியையே நிறைத்து, உட்கருவை ஓரத்துக்குத் தள்ளி நெளியவைக்கின்றன.

விசித்திரம் என்னவென்றால், போலியோ வைரஸுக்குச் சவ்வே கிடையாது. 30 நானோமீட்டர் விட்டமுள்ள வெறும் புரத உருண்டை. உள்ளே சுமார் 7,500 எழுத்துகள் கொண்ட ஆர்.என்.ஏ. இழை. ஒரு மில்லிமீட்டர் நீளத்தில் 33,000 வைரஸ்களை வரிசையாக நிறுத்தலாம். தன் உடம்பில் சவ்வு ஒட்டாத ஒன்று, செல்லை இவ்வளவு சவ்வு செய்ய வைப்பது எதற்கு?

விடையின் முதல் பாதி 1969இல் வந்தது. லாரன்ஸ் கலிகுரியும் டாமும் தொற்றிய ஹீலா செல்களை உடைத்து, கிளாட் காட்டிய வழியில் சுழற்றி, சவ்வுகளை அடுக்கடுக்காகப் பிரித்தார்கள். புதிய வைரஸ் ஆர்.என்.ஏ. உண்டாகும் வேலை, ரிபோசோம் ஒட்டாத வழுவழுப்பான சவ்வுகளின் அடுக்கில் நடந்துகொண்டிருந்தது. பைகள் நோயின் சிதைவு அல்ல, வைரஸின் பட்டறை. கோழி வைரஸைத் தேடிய கிளாட் அதைத் தேடும் வழியில் உண்டாக்கிய உத்தி, 30 ஆண்டுகள் கழித்து ஒரு மனித வைரஸின் வேலையிடத்தைக் காட்டிக்கொடுத்தது.

*

அடுத்த முப்பது ஆண்டுகளை வேகமாகக் கடந்துவிடலாம். பார்த்தவர்கள் குறைவில்லை. சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் குர்ட் பியன்ஸும் டெனிஸ் எகரும் போலியோவின் பைகள் பூங்கொத்துபோலச் சேர்ந்திருப்பதைப் பொறுமையாகப் பதிவுசெய்தார்கள். ஆனால் பார்க்கும் முறையிலேயே இரண்டு தடைகள் இருந்தன.

முதல் தடை வில்லை. சமையலறையில் வெங்காயத்தை நறுக்கினாலும் வாழைத்தண்டை நறுக்கினாலும் தட்டில் விழுவது வட்டம்தான். ஒரே ஒரு வில்லையைக் கையில் வைத்துக்கொண்டு, இது உருண்டையிலிருந்து வந்ததா தண்டிலிருந்து வந்ததா என்று எப்படிச் சொல்வது? செல்லின் அகலம் சுமார் 20 மைக்ரோமீட்டர், வில்லையின் கனம் 60 நானோமீட்டர் என்றால், ஒரு செல்லுக்கு 300க்கும் மேல் வில்லைகள். ஆய்வாளர் பார்ப்பது அதில் ஒன்றை. இரண்டாவது தடை பதப்படுத்தல். ரசாயனம் ஊறும் சில நிமிடங்களில் செல்லுக்குள் புரதங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன. பிறகு ஆல்கஹாலில் தண்ணீரை உறிஞ்சும்போது சவ்வு சுருங்குகிறது, கிழிகிறது. படத்தில் தெரியும் நெளிவு வைரஸ் செய்ததா, நாம் செய்ததா?

முதல் தடைக்கு விடை, மருத்துவமனை சி.டி. ஸ்கேன் எந்தக் கணக்கில் இயங்குகிறதோ அதே கணக்கு. சற்றுத் தடித்த வில்லையை நுண்ணோக்கிக்குள் ஒவ்வொரு பாகையாகச் சாய்த்து நூற்றுக்கும் மேற்பட்ட படங்கள் எடுத்து, கணினியில் சேர்த்து முப்பரிமாண உருவம் பெறுவது. 1968இலேயே டேவிட் டி ரோசியரும் ஆரன் குளூகும் எலெக்ட்ரான் படங்களிலிருந்து முப்பரிமாண உருவம் பெறும் வழியைக் காட்டிவிட்டார்கள். செல்லின் துண்டுக்கு அதைச் செய்யும் வலிமை கணினிகளுக்கு வரப் பல ஆண்டுகள் ஆயின.

இரண்டாவது தடைக்கான விடை குளிர். தண்ணீர் உறைந்தால் பனிப்படிகம். படிகம் வளர்ந்தால் செல் கிழியும். படிகமாக நேரம் கொடுக்காமல், கண் இமைப்பதற்குள் உறையவைத்தால்? 1980களின் தொடக்கத்தில் ஹைடல்பெர்க்கிலுள்ள ஐரோப்பிய மூலக்கூறு உயிரியல் ஆய்வகத்தில் ஜாக் டுபோஷேவும் அலஸ்டேர் மெக்டவலும் திரவ நைட்ரஜனால் குளிரூட்டிய ஈத்தேனுக்குள் தண்ணீர்ப் படலத்தைச் சட்டென்று முக்கினார்கள். தண்ணீர் படிகமாகாமல் கண்ணாடிபோல நின்றது. 1984இல் அதே வழியில் வைரஸ்களை, சாயமேற்றாமல், உலர்த்தாமல் படமெடுத்தார்கள். 2017இல் டுபோஷேவுக்கு நோபல் பரிசு. ஆனால் முழு மனிதச் செல் தடித்தது. அதை உறையவைத்து, வெட்டி, சாய்த்துப் படமெடுக்கும் நிலைக்கு வர இன்னும் வெகுகாலம் பிடித்தது.

*

2003 பிப்ரவரி இறுதியில், வியட்நாமின் ஹனோய் நகர மருத்துவமனை ஒன்றில் புதுவகை நிமோனியாவை அடையாளம் கண்டு உலகை எச்சரித்தார் உலக சுகாதார நிறுவனத்தின் கார்லோ உர்பானி. மார்ச் 29 அன்று அதே நோய்க்குப் பலியானார். ஹாங்காங்கில், இலங்கையின் கண்டியில் பிறந்த மாலிக் பீரிஸின் குழு வைரஸைச் செல்லில் வளர்த்தெடுத்தது. அமெரிக்காவின் அட்லாண்டாவில், நோயாளியின் மாதிரி தொற்றிய செல்களை எலெக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்தவர்கள் அது கொரோனா வைரஸ் என்று சொன்னார்கள். அதுவரை மனிதருக்குத் தடுமல் மட்டுமே தரும் என்று கருதப்பட்ட குடும்பம் மனிதரைக் கொன்றது. சார்ஸ் என்று பெயர்பெற்ற அந்த நோய் ஓய்ந்தபோது 774 பேர் இறந்திருந்தார்கள்.

நெதர்லாந்தின் லைடன் நகரப் பல்கலைக்கழக மருத்துவ மையத்தில் எரிக் ஸ்னைடர் ஏற்கெனவே இந்தக் குடும்பத்து வைரஸ்களை ஆராய்ந்துவந்தவர். நுண்ணோக்கி வல்லுநர் பிராம் கோஸ்டரோடு சேர்ந்து அவர் குழு சார்ஸ் தொற்றிய செல்களைத் திறந்தது. மனித நோய் என்றாலும் அவர்கள் பார்த்தவை ஆப்பிரிக்கக் குரங்கின் சிறுநீரகத்திலிருந்து வந்த வீரோ செல்கள். வைரஸ் அவற்றில் நன்றாக வளரும். உள்ளே போலியோவைப்போலவே பைகள். ஆனால் ஒவ்வொரு பைக்கும் இரட்டைச் சவ்வு, பைக்குள் பை. ரசாயனத்தால் மட்டும் பதப்படுத்திய படங்களில் அவை பெரும்பாலும் காலியாகத் தெரிந்தன. லேசாகப் பதப்படுத்தி, பிறகு உறையவைத்து, குளிரிலேயே தண்ணீரை அகற்றிப் பார்த்தபோது காலியில்லை. மெல்லிய இழைகள் நிறைந்திருந்தன.

2008இல் கெவின் நூப்ஸ் முதலானோர் வெளியிட்ட முப்பரிமாணப் படம் இந்த வரலாற்றின் முக்கியமான திருப்பம். தனித்தனிப் பைகள் என்று வில்லைகளில் தெரிந்தவை உண்மையில் தனித்தனி அல்ல. 200 முதல் 300 நானோமீட்டர் அகலமுள்ள அந்தப் பைகளின் வெளிச்சவ்வு, மெல்லிய கழுத்துகளால் எண்டோபிளாச வலையோடும் ஒன்றோடொன்றும் இணைந்திருந்தது. கிளாடின் வண்டலில் துண்டுதுண்டாகக் கிடந்த அதே வலையைத்தான் வைரஸ் இழுத்து, மடித்து, ஊதிப் பைகளாக்கியிருந்தது. பைக்குள் இரட்டை இழை ஆர்.என்.ஏ. வைரஸின் ஆர்.என்.ஏ. நகலெடுக்கப்படும்போதுதான் இந்த நீண்ட இரட்டை இழை உண்டாகும். நலமான மனிதச் செல் அதைச் செய்வதில்லை. அதனால் செல்லின் காவல் புரதங்கள் அதைக் கண்டால் உடனே எச்சரிக்கை எழுப்பிவிடும். மறைத்து வைக்கப் பை வேண்டும் என்பது புரிந்தது.

புரியாதது ஒன்றுதான். பைக்கு வாயே இல்லை. எத்தனை பைகளை எத்தனை கோணத்தில் பார்த்தாலும் உட்சவ்வு முழுமையாக மூடியே இருந்தது. உள்ளே நகலெடுப்பு நடக்கிறதென்றால் மூலப்பொருள் எப்படி உள்ளே போகிறது? செய்த ஆர்.என்.ஏ. ரிபோசோமைத் தேடி எப்படி வெளியே வருகிறது? ஒருவேளை இவை பட்டறையே அல்லவோ, வேலை முடிந்தபின் மிச்சத்தைப் பூட்டிவைக்கும் கிடங்கோ என்ற ஐயம் ஆய்வாளர்களிடையே எழுந்தது.

அடுத்த ஆண்டே ஹைடல்பெர்க்கிலிருந்து வந்த ஒரு படம் இந்தப் புதிரை இன்னும் கூர்மையாக்கியது. ரால்ஃப் பார்டன்ஷ்லாகரின் குழு டெங்கு வைரஸை எடுத்துக்கொண்டது. மழைக்காலம் தோறும் நம் மருத்துவமனைகளை நிரப்பும் அதே டெங்கு. பயன்படுத்தியவை ஜப்பானியர் ஒருவரின் கல்லீரல் புற்றிலிருந்து வளர்த்த மனிதச் செல்கள். டெங்குவும் எண்டோபிளாச வலையைத்தான் வளைக்கிறது. ஆனால் வெளியே ஊதாமல், வலையின் உட்புறம் நோக்கிக் குழிக்கிறது. குழிந்த பையின் அகலம் சுமார் 90 நானோமீட்டர். ஒவ்வொன்றுக்கும் செல்லின் திரவத்தை நோக்கி ஏறத்தாழ 10 நானோமீட்டர் அகலத்தில் ஒரு வாய். நேரெதிர்ச் சவ்வில் புதிய வைரஸ்கள் மொட்டுவிட்டுக்கொண்டிருந்தன. செய்த ஆர்.என்.ஏ. வாய் வழியே வெளிவந்து பக்கத்திலேயே வைரஸுக்குள் அடைபடும் சிக்கனமான ஏற்பாடு என்று படமே சொல்லிற்று. டெங்குவின் பைக்கு வாய் இருக்கிறது. கொரோனாவின் பைக்கு எங்கே?

*

பத்து ஆண்டுகளுக்கு மேல் அந்தக் கேள்வி நின்றது. இடையில் லைடன் குழுவும் பிறரும் ஒரு வியப்பான உண்மையைக் கண்டார்கள். முழு வைரஸும் வேண்டாம். அதன் புரதங்களில் மூன்றாம் எண், நான்காம் எண் கொண்ட இரண்டை மட்டும் செல்லில் உண்டாக்கினாலே இரட்டைச் சவ்வுப் பைகள் முளைக்கின்றன. பையைக் கட்டும் கொத்தனார்கள் யார் என்று தெரிந்தது.

2020 வந்தது. உலகம் அடைபட்டுக் கிடந்த அந்த ஜூன் மாதம், லைடன் குழு முதல் ஐயத்தைத் தீர்த்தது. அதற்கு அவர்கள் பயன்படுத்தியது 1960களின் உத்தி. ஆர்.என்.ஏ.வின் மூலப்பொருளான யூரிடினைக் கதிர்வீசும் டிரிட்டியத்தால் குறியிட்டு, தொற்றிய செல்லுக்குச் சிறிது நேரம் கொடுத்தார்கள். பிறகு செல்லைச் சீவி, வில்லையின்மேல் புகைப்பட வெள்ளிப் பூச்சைப் பூசி இருட்டில் காத்திருந்தார்கள். புதிய ஆர்.என்.ஏ. எங்கே உண்டானதோ அங்கே வெள்ளி மணிகள் கறுக்கும். கறுத்தன, இரட்டைச் சவ்வுப் பைகளின்மேல். கிடங்கு அல்ல, பட்டறைதான். பழைய உத்தியை மறக்காமல் வைத்திருந்த ஆய்வகங்களுக்கு நாம் நன்றி சொல்ல வேண்டும்.

ஆகஸ்டில் வாய் அகப்பட்டது. கியோர்க் வோல்ஃப், மொன்செராட் பார்செனா முதலானோர் செய்தது இது: செல்லைப் பதப்படுத்தவே இல்லை. தொற்றிய உயிர்ச் செல்லை அப்படியே கண்ணாடிப் பனியாக உறையவைத்தார்கள். மனிதருக்கு ஆபத்தான வைரஸை உயிரோடு கட்டுக்காவல் ஆய்வகத்துக்கு வெளியே கொண்டுபோக முடியாது. ஆகவே அதன் உறவினனான, மனிதரைத் தாக்காத எலிக் கொரோனா வைரஸையும் எலிச் செல்லையும் எடுத்தார்கள். உறைந்த செல்லின் மேலிருந்தும் கீழிருந்தும் அயனிக் கற்றையால் செதுக்கி, நடுவே 200 நானோமீட்டருக்கும் மெல்லிய ஒரு தகட்டை மட்டும் நிறுத்தினார்கள். தகட்டைச் சாய்த்துச் சாய்த்துப் படமெடுத்தார்கள்.

பையின் இரண்டு சவ்வுகளையும் ஊடுருவி நின்றது ஒரு துளை. ஆறு மடிப்புச் சமச்சீர், செல்லின் திரவத்தை நோக்கிக் கிரீடம்போல ஆறு முனைகள், நடுவே ஆர்.என்.ஏ. இழை நுழையும் அளவுக்கு வழி. ஒரே பையில் இப்படிப் பல துளைகள். மங்கலான பல துளைகளின் உருவங்களைக் கணினியில் ஒன்றன்மேல் ஒன்று வைத்துச் சராசரி எடுத்தபோது கிரீடம் தெளிந்தது. எதனால் ஆனது? மூன்றாம் புரதத்தில் கூடுதலாக ஒரு ஒளிரும் புரதத்தை ஒட்டிய வைரஸை வளர்த்துப் பார்த்தார்கள். கிரீடத்தின் முனைகளருகே கூடுதல் பருமன் தெரிந்தது. பையைக் கட்டிய கொத்தனாரே வாசலாகவும் நிற்கிறார். பிறகு கோவிட் வைரஸ் தொற்றிய செல்களைப் பதப்படுத்தி, உறையவைத்துப் பார்த்தபோது, அங்கேயும் அதே துளை.

2008இல் இது ஏன் தெரியவில்லை என்ற கேள்வி வாசகருக்கு எழும். அன்று செய்த வேலையில் பிழை இல்லை. பதப்படுத்தலும் தண்ணீர் அகற்றலும் சாயமும் சவ்வைக் காட்டின. சவ்வினூடே நிற்கும் சில நானோமீட்டர் புரதத்தை அழுத்தி மறைத்துவிட்டன. நான் அந்தப் பழைய படங்களைப் புதியவற்றோடு அருகருகே வைத்து நெடுநேரம் பார்த்திருக்கிறேன். பை அதே பை, சவ்வின் வளைவும் அதேதான். தண்ணீரை அகற்றாமல் விட்டதுதான் வித்தியாசம்.

*

துளையைக் காணத் தகடு போதும். முழு வீட்டையும் காண வேண்டுமென்றால்? அதே 2020இன் இறுதியில் பார்டன்ஷ்லாகரின் குழுவும், டுபோஷே முன்பு பணியாற்றிய அதே ஹைடல்பெர்க் ஆய்வகத்தின் யானிக் ஷ்வாப் குழுவும் சேர்ந்து அதைச் செய்தார்கள். இந்த முறை மனித நுரையீரல் செல்கள். 1970களில், நுரையீரல் புற்றுநோய் கண்ட ஓர் இளைஞரிடமிருந்து எடுத்து வளர்க்கப்பட்டவை. கோவிட் வைரஸைத் தொற்றவைத்து, மணி நேரக் கணக்கில் ஒவ்வொரு கட்டமாக நிறுத்திப் பார்த்தார்கள்.

எண்டோபிளாச வலையெங்கும் இரட்டைச் சவ்வுப் பைகள் கொத்துக் கொத்தாக. உட்கருவின் அருகே நேர்த்தியாக அடுக்கியிருக்க வேண்டிய கோல்கை உறுப்பு சிதறிச் சில்லுகளாகிக் கிடந்தது. பைகளின் பக்கத்தில் பெராக்ஸிசோம் என்னும் செல்லின் சிற்றுறுப்புகள் வந்து கூடியிருந்தன. செல்லைத் தாங்கும் இழைகளில் ஒருவகையான விமென்டின், பைகள் குவிந்த பகுதியைச் சுற்றிக் கூண்டுபோல வளைந்திருந்தது. இழைகளின் இந்த மாற்றத்தைத் தடுக்கும் மருந்தை ஆய்வகச் செல்களுக்குக் கொடுத்தபோது வைரஸின் பெருக்கம் குறைந்தது; அந்தக் கூண்டு வைரஸுக்கு வேண்டியதாகவே இருந்தது. படங்களையும் தரவையும் எந்த ஆய்வாளரும் எடுத்துப் பார்க்கும்படி திறந்து வைத்தார்கள்.

முழுச் செல்லின் படம் எடுத்த முறையைச் சொல்லி இந்த இதழை முடிக்கிறேன். பிசினில் இறுகிய செல்லின் முகப்பை அயனிக் கற்றை சில நானோமீட்டர் கனத்துக்குச் சீவித் தள்ளும். புதிதாக வெளிப்பட்ட முகப்பை எலெக்ட்ரான் கற்றை படமெடுக்கும். மறுபடி சீவல், மறுபடி படம். நாள்கணக்கில் இரவு பகலாக ஆயிரக்கணக்கான முறை. 1945இல் போர்ட்டரும் கிளாடும் துண்டுப் படங்களை ஒட்டி ஒரு செல்லைச் சேர்த்ததைப்போலவே, இங்கே கணினி அடுக்கிச் சேர்க்கிறது. ஆனால் சீவிய அடுக்கு திரும்ப வராது. கடைசிப் படம் எடுத்து முடியும்போது கருவிக்குள் செல் இருப்பதில்லை, துகள்களாகப் போய்விட்டிருக்கும். செல்லை வெட்டாமல், சாயமேற்றாமல், உறைந்த முழு உருவத்தில் ஊடுருவிப் பார்க்கும் மென் எக்ஸ் கதிர்களைப் பற்றி அடுத்த இதழில் எழுதுகிறேன்.

(தொடரும்)